நரம்பு பார்த்தல்

முதலில் கையைப் பிடிப்பேன்,
சும்மா பிடிப்பதுபோல.
பெயர் கேட்பேன், எந்தப் பள்ளிக்கூடம் என்பேன்,
வீட்டில பூனை நிக்குதோ என்பேன்.
பெருவிரல் மட்டும் தன்பாட்டில்
புறங்கையில் நரம்பு தேடிக்கொண்டிருக்கும்.
பிள்ளைகளுக்கு இது தெரியும்.
பூனையின் நிறத்தைச் சொல்லிக்கொண்டே
விரல்களை மடக்கிவிடுவார்கள்.

மார்கழி. டெங்கு.
ஒரு கட்டிலில் இரண்டு பேர், தலைமாடு கால்மாடாக.
கட்டிலுக்குக் கீழே பாய், பாயில் ஒரு தாய்,
தாயின் தலைக்கு நேரே மேலே சேலைன்.
ஆஸ்பத்திரி வீதியில் வெள்ளம்.
பருத்தித்துறைக் கடைசி பஸ்ஸுக்குக் கூவுகிறவனின் குரல்
யன்னலால் வந்து
பதினேழாம் கட்டிலின் காய்ச்சலுக்குள் போகிறது.
"அம்மா, பஸ் வெளிக்கிடுது."
"போகட்டும். அடுத்ததில போவம்."

டொக்டர் நிலூகா காலியிலிருந்து வந்தவர்.
அவருடைய தமிழ் முழுக்க இந்த வாட்டில் பொறுக்கியது:
வாயைத் திற. மூச்சை இழு. எங்க நோகுது.
முடிஞ்சுது, முடிஞ்சுது, கெட்டிக்காரி.
திருநெல்வேலிச் சந்தையில் கத்தரிக்காய் வாங்கவும்
இதையே வைத்துச் சமாளிக்கிறாராம்.

பிறின்சன், ஒன்பது வயது, நெடுந்தீவு.
சிறுநீரகம் ஒழுகுகிறது.
விடிய எழும்பினால் முகம் ஊதி
கண்கள் இரண்டு கோடு.
உப்பில்லாச் சோற்றை மணந்து பார்த்துவிட்டு
"இது சுவருக்கு அடிக்கிறதெல்லோ மிஸ்ஸி" என்றான்.
தலையணைக்குக் கீழே, பேப்பரில் சுற்றி,
கட்டாக் கருவாடு ஒரு துண்டு.
மணம் காட்டிக்கொடுத்தது.
பறித்தேன். ஏசினேன். தாய்க்கும் சேர்த்து ஏசினேன்.
இரவு இரண்டு மணிக்குப் பின்னறையில்
அதைச் சுட்டுப் பாணோடு தின்றேன்.
புகை வாட்டுக்குள் போயிருக்கவேண்டும்.
காலையில் அவன் என்னைப் பார்த்த பார்வையை
எந்த மேற்றனும் பார்த்ததில்லை.

ஆறாம் கட்டிலைப் பற்றி அதிகம் எழுதமாட்டேன்.
விடிய நாலு இருபது. மெசினை நிற்பாட்டியாயிற்று.
கனியூலாவைக் கழற்றவேண்டும்.
பஞ்சில் ஸ்பிரிற் நனைத்து
பிளாஸ்ரரின் ஓரத்தை ஊறவைத்து
தோல் இழுபடாமல்
கொஞ்சங்கொஞ்சமாக உரித்தேன்,
எல்லாப் பிள்ளைகளுக்கும் செய்கிறமாதிரி.
"மெல்ல மிஸ்ஸி" என்றாள் தாய்.
"மெல்லத்தான் அம்மா" என்றேன்.
துளையில் பஞ்சை வைத்து
இருவரும் மாறிமாறி
அழுத்திக்கொண்டிருந்தோம்,
வராத இரத்தத்துக்கு.

ஏழரைக்கு அதே கட்டிலில்
சுன்னாகத்துப் பெண்பிள்ளை ஒன்று
புது விரிப்பு முழுக்கச் சத்தி எடுத்தது.
நான்தான் ஏந்தினேன். பாதிதான் பிடிபட்டது.

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில்
கொண்டக்ரரின் கையைப் பார்க்கிறேன்.
தடித்த நரம்பு, கண்ணை மூடிக்கொண்டு ஏற்றலாம்.
முன் சீற்றில் பால்குடிக் குழந்தை,
கொழுகொழு மணிக்கட்டு.
கடவுளே, இதுக்கு ஒண்டும் வரக்கூடாது,
வந்தாலும் என்ர டியூற்றியில் வரக்கூடாது.
என் மகள் வீதி கடக்கும்போது கை தரமாட்டாள்.
"நீங்க பிடிக்கிறேல்லை அம்மா,
தேடுறீங்க."
குழம்புக்கு உப்புப் போட மறந்திருந்தேன்.
அவளுடைய அப்பா ஒன்றும் சொல்லாமல்
அப்பளத்தை நொறுக்கிச் சமாளித்தார்.

தைப்பொங்கல் முடிந்த மூன்றாம் நாள்
பிறின்சன் திரும்பவும் வந்தான்.
குறிகட்டுவானில் வள்ளத்தால் இறங்கி
மூன்று மணித்தியாலம்.
முகம் பழையபடி ஊதியிருந்தது, சிரிப்பு அதற்குள் நெரிபட்டு.
தாயின் பையிலிருந்து பேப்பர்ச் சுருள் ஒன்றை எடுத்து
என் மேசை லாச்சிக்குள் தானே வைத்து மூடினான்.
"உங்களுக்கு. எனக்கில்லை."
பிறகு கட்டிலில் ஏறியிருந்து
இடக்கையை நீட்டினான்.
வலக்கையால் படம் கீறவேணுமாம்.

ஊதின கையில் நரம்பு எங்கே தெரியும்.
இரண்டுதரம் குத்தினேன், இரண்டும் பிழைத்தது.
அவன் அழவில்லை. என்னைத்தான் பார்த்தான்.
டொக்டர் நிலூகாவைக் கூப்பிடத் திரும்பினேன்.
சட்டையைப் பிடித்து இழுத்தான்.
தன் மணிக்கட்டைத் தானே
பெருவிரலால் ஆறுதலாக அழுத்தி,
நான் செய்கிறமாதிரியே கொஞ்சம் தலையைச் சரித்து,
"இதில ஓடுது மிஸ்ஸி" என்றான்.